ஒரே ராஜாவுக்கு இரண்டு பரீட்சை

என் மகள் டாக்டர் ஆவதற்கு ஒரே ராஜாவை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை உக்ரைனில், அந்த ராஜா உக்ரைன்காரர் என்று படித்துப் பாஸ் செய்தாள். இரண்டாம் தடவை ரஷ்யாவில். அங்கே அதே ராஜா ரஷ்யாக்காரர் என்று சொன்னால்தான் பாஸ். ராஜா செத்து ஆயிரம் வருஷம் ஆகிறது. பாவம், அந்த மனுஷனுக்கு இந்த இரண்டு நாட்டையுமே தெரியாது. என் மகளின் படிப்பு மட்டும் அவரிடம் போய் மாட்டிக்கொண்டது.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தே தலை நரைத்துவிட்டது. வரலாறு என்றால் முடிந்துபோன சங்கதி, யாருக்கும் வலிக்காது என்று நம்பித்தான் இந்தப் பாடத்தையே எடுத்தேன். என்ன புத்தியோ! என் கணவர் அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். இங்கே மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் கேட்ட தொகை பட்டறையை விற்றாலும் தேறாது. அப்புறம்தான், ஊரில் நாலு பேர் அனுப்புகிறார்களே என்று அவளைக் கார்கிவ் நகரத்துக்கு அனுப்பினோம்.

முதல் வருஷமே அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உக்ரைன் வரலாறு ஒரு பாடம். "ஊசி போடப் போறவளுக்கு எதுக்கு ராஜா கதை?" என்று என் கணவர் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் பாடத்தைச் சொல்லுவாள், நான் கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் நறுக்குவேன். கீவ் நகரத்தில் ஒரு ராஜா இருந்தாராம். எந்த மதம் நல்லது என்று நாலு திசைக்கும் ஆள் அனுப்பி விசாரித்தாராம். கடைசியில் கிறிஸ்தவராகி, ஊர் ஜனத்தையெல்லாம் ஆற்றில் இறக்கி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தாராம். அந்த ராஜாவின் நாணயத்தில் இருந்த மூன்று முனை முத்திரைதான் இன்றைக்கு உக்ரைனுக்கு அரசாங்கச் சின்னம்.

"அம்மா, பாத்தா நம்ம கோயில் சூலம் மாதிரியே இருக்கும்மா" என்று படம் அனுப்பினாள்.

அந்தப் பாடம் எடுத்தது என் வயதுள்ள ஒரு அம்மாள். அவரும் என்னைப் போலவே வகுப்பில் கத்துவாராம். எங்கள் கதை இந்த ஆற்றில்தான் தொடங்குகிறது என்பாராம். வடக்கே இருக்கிறவர்களும் அந்த ராஜா தங்களுடையவர் என்று சொல்லி, மாஸ்கோவில் அவருக்குப் பெரிய சிலை வைத்திருக்கிறார்களாம். "அவர் ஆண்டபோது மாஸ்கோ என்று ஒரு ஊரே கிடையாது, பிள்ளைகளே" என்று சொல்லும்போது மட்டும் அவருக்கு முகம் சிவந்துவிடுமாம்.

"நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்குல்லம்மா?" என்றாள் மகள். இருவரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். என் கணவர் வகையறாவின் குலசாமி ஒரு அம்மன். சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில், வாய்க்கால் கரையில் ஒரு மரமும் இரண்டு சூலமும் ஒரு ஓட்டுக் கொட்டகையும். அதுதான் பழைய கோயில். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் பங்காளிகளில் ஒரு பிரிவு பிழைப்புத் தேடி அவனியாபுரம் பக்கம் வந்தது. வரும்போது அம்மன் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, இங்கே வைத்துக் கும்பிட்டார்கள். இதற்குப் பிடிமண் கோயில் என்று பெயர். இந்தப் பக்கத்தில் இது ரொம்பச் சாதாரணம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. மாசி சிவராத்திரிக்குப் பிடிமண் எடுத்தவர்கள் முதலில் தாய்க்கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டும். அங்கே இருக்கிற மூத்த பங்காளிக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்ய வேண்டும். பிறகுதான் இங்கே வந்து விளக்கேற்றலாம்.

நாங்கள் பிடிமண்காரர்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் வேன் வைத்துத் தாய்க்கோயிலுக்குப் போவோம். மூத்த பங்காளி என் கணவருக்குப் பெரியப்பா மகன் முறை. எனக்கு மச்சான் முறை. கொடிக்கால் வைத்திருந்தார். பரிவட்டம் கட்டும்போது அவருக்குக் கூச்சம் வந்து தலை கவிழ்ந்து நிற்பார்.

இந்தப் பக்கம் பட்டறை, ரியல் எஸ்டேட் என்று காசு சேர்ந்தது. பிடிமண் கோயிலுக்குக் கோபுரம் வந்தது, டைல்ஸ் வந்தது, வாசலில் வளைவு வந்தது. அப்புறம் ஒரு புதுக் கதையும் வந்தது. எந்தக் காலத்திலோ வைகையில் வெள்ளம் வந்து பழைய கோயில் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அப்போது அம்மனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் எங்கள் பாட்டனாம், அவர்தான் மூத்த மகனாம். அம்மன் அவரோடு வந்துவிட்டதால் இதுதான் தாய்க்கோயிலாம். அங்கே இருப்பது வெறும் மரமாம். யார் எழுதி வைத்தார்கள், யார் பார்த்தார்கள்? கேட்டால் என்னைப் பார்த்து, "நீ வேத்து வீட்டுப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?" என்பார் கணவர். இருபத்தைந்து வருஷம் பொங்கல் வைத்தும் நான் வேற்று வீட்டுப் பிள்ளைதான். என் மகளும் கல்யாணமானால் வேறு குலசாமிக்குப் போய்விடுவாள். இந்தச் சண்டையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தேங்காய் மூடிகூடப் பங்கு கிடையாது.

மகள் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அங்கே போர் வந்தது.

சரியாகச் சிவராத்திரி நேரம். குண்டு விழுகிற ஊரில் பிள்ளை பாதாளத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கிடந்தேன். அந்த வரலாறு டீச்சர்தான் தம் குடியிருப்பின் நிலவறைக்கு இவளையும் இன்னும் சில பிள்ளைகளையும் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கு அவித்துப் போட்டார். தம் அம்மாவின் கம்பளிக் கோட்டை இவளுக்கு மாட்டிவிட்டார். ரயில் கிடைக்கும்வரை ஸ்டேஷனில் கூடவே நின்று, கூட்டத்தில் இவளை முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றிவிட்டார். போன் கிடைத்தபோதெல்லாம் மகள் இதைத்தான் சொன்னாள்.

என் கணவர்? அந்தச் சிவராத்திரிக்குத்தான் பங்காளிகளெல்லாம் வேனில் சோழவந்தான் போய், முதல் மரியாதை எங்களுக்கே என்று மல்லுக்கு நின்றார்கள். "நீங்களும் போறீங்களா? வெக்கமா இல்ல? பெத்த புள்ள அங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டு இருக்கா!" என்று கத்தினேன். "அதுக்குத்தான்டி போறேன். ஆத்தாதான் காப்பாத்தணும்" என்றார். சாமி கும்பிடப் போனவர் சட்டை கிழிந்து வந்தார். போலீஸ் வந்து, தாசில்தார் வந்து, தாய்க்கோயில் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். வழக்கும் கோர்ட்டுக்குப் போனது.

பூட்டிய கொட்டகைக்கு வெளியே, மரத்தடியில், அந்தக் கொடிக்கால் மச்சான் என் மகள் பத்திரமாக வர வேண்டும் என்று ஒரு கிடாய் நேர்ந்துவிட்டாராம். அவள் எல்லை தாண்டி நடந்து, விமானம் ஏறி வீடு வந்து சேர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அந்தக் கிடாவெட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. அவரே வெட்டி, சமைத்து, எங்களுக்கும் ஒரு தூக்குவாளியில் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். என் கணவர் தொடவில்லை. நானும் மகளும் சாப்பிட்டோம்.

வந்த பிள்ளைகளை இங்கே எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார். ரஷ்யாவில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வருஷப் பாடமும் வீண்போகாது. "எங்க டீச்சர் மேல குண்டு போட்டவன்கிட்டயா போய்ப் படிக்கச் சொல்றீங்க?" என்று மகள் கேட்டாள். "எலும்பும் நரம்பும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் தாயி" என்றார் கணவர். போனாள்.

எலும்பையும் நரம்பையும் ஒப்புக்கொண்டார்கள். உக்ரைனில் படித்த வரலாற்றை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அது செல்லாது, எங்கள் வரலாற்றைப் படித்துத் தேறு, இல்லாவிட்டால் அடுத்த வருஷத்துக்குப் போக முடியாது என்றுவிட்டார்கள். பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயம் கீவ். அதே ராஜா, அதே ஆறு, அதே ஞானஸ்நானம். கீவ் பிற்காலத்தில் எதிரிகள் கொளுத்திச் சாம்பலாகிவிட்டதாம். ராஜ வம்சமும் பெரிய குருமாரும் வடக்கே போய்விட்டார்களாம். அதனால் அந்தச் சொத்து முழுக்க மாஸ்கோவுக்கு வந்துவிட்டதாம். மகள் படித்துக் காட்டக் காட்ட எனக்கு என் கணவர் குரலே கேட்டது. வைகை வெள்ளத்துக்குப் பதில் நெருப்பு, அவ்வளவுதான். ஒரு வரலாறு டீச்சராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: அந்த ராஜாவின் காலத்தில் உக்ரைனும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. அந்த வீட்டிலிருந்து பிரிந்த பங்காளிகள்தான் எல்லாருமே. ஆனால் இதை எந்த ஊர்ப் பரீட்சையில் எழுதினாலும் மார்க் போட மாட்டார்கள்.

அங்கே பரீட்சை வாய்மொழி. மேஜையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, அதில் வந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் எடுத்த சீட்டில் அந்த ராஜாவே வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். முடிவில் அந்த வாத்தியார், "அப்படியானால் இது யாருடைய பாரம்பரியம்?" என்று கேட்டார். உங்களுடையது என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

இவள் பிடிமண் கதையைச் சொல்லியிருக்கிறாள்! எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, மண் எடுத்துப் போனவர்களும் அதே சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், அது பொய்யில்லை, ஆனால் முதல் மரியாதை மண் எடுத்த இடத்துக்குத்தான் என்று. வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டாராம். கோயில் எப்படி இருக்கும், மண்ணை எதில் முடிவீர்கள் என்றெல்லாம் விசாரித்தாராம். பிறகு சொன்னாராம்: "மண்ணை எடுத்துப் போனவன் மூத்த மகன். பழைய இடம் அழிந்தபோது குலத்தைக் காப்பாற்றியவன் அவன். அவன் இருக்கும் இடம்தான் தாய்க்கோயில். இதைப் படித்துவிட்டு அடுத்த மாதம் வா."

பெயில். இன்னொரு வாய்ப்புத்தான் உண்டு. அதிலும் போனால் ஒரு வருஷம் போய்விடும்.

அன்று சாயங்காலம் போனில் என் கணவர் குதித்த குதி இருக்கிறதே! "ஏன்டி, ஒனக்கு அறிவு இருக்கா? எவன் மூத்தவன்னா ஒனக்கு என்ன? அவன் கேக்குறதச் சொல்லிட்டு மார்க்க வாங்கிட்டு வர வேண்டியதுதானே! ஆயிரம் வருசத்துக்கு முந்தி செத்த ஆளுக்காக வாழ்க்கையக் கெடுத்துக்கிருவியா?"

"அப்ப நீங்க எதுக்குப்பா கோர்ட்டுக்குப் போறீங்க?" என்றாள்.

"அது வேற."

"எப்படிப்பா வேற?"

"அது நம்ம சாமிடி!" என்று கத்திவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். ஸ்க்ரீனில் அவள் அழக்கூட இல்லை. "நான் என்னம்மா சொல்லட்டும்? அந்த டீச்சரோட கோட்டுத்தான்மா இப்பவும் போட்டுருக்கேன்" என்றாள். பாஸ் பண்ணிவிட்டு வா என்று சொல்லத்தான் பெத்த மனசுக்கு ஆசை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. "ஒனக்குச் சரின்னு பட்டதச் செய்யி" என்றேன். அதற்கு அவள், "ஒனக்கும் தெரியல, இல்ல?" என்றாள்.

அடுத்த மாதம் போனாள். அதே வாத்தியார். அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொன்னாள். ஐந்துக்கு ஐந்து போட்டு, கை குலுக்கி அனுப்பினாராம்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு அறுக்கிறது என்று அந்தக் கார்கிவ் டீச்சருக்கு எல்லாவற்றையும் சொல்லி மெசேஜ் அனுப்பிவிட்டாள். சில நாள் கழித்துப் பதில் வந்தது. "நீ டாக்டர் ஆக வேண்டும், அதனால் சொன்னாய். எனக்குப் புரிகிறது. இனி எனக்கு எழுதாதே." அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. என் பிள்ளைக்குத் தம் தாயின் கோட்டைப் போர்த்திக் காப்பாற்றியவர். அவருடைய வீட்டில் யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

பட்டம் வாங்கி வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். "எங்கள் குலத்தின் முதல் மருத்துவரே வருக" என்று, வெள்ளைக் கோட்டில் அவள் படத்தோடு, பங்காளிகள் எல்லாருடைய முகமும் வட்டம் வட்டமாக. நேர்ந்த கிடாயைத் தொடாதவர்கள், அவள் வீட்டில் கிடந்த வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள், அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

அடுத்து வந்த மாசியில் அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார்கள். சிவராத்திரிக்கு முன்னால் ஒரு பகலில், எங்கள் பிடிமண் கோயில் பந்தலில், இரு தரப்பும் உட்கார்ந்து யாருக்கு முதல் மரியாதை என்று பேசி முடிப்பது, அதற்கப்புறம் தாய்க்கோயில் பூட்டைத் திறப்பது என்று ஏற்பாடு. என் கணவர் ஒரு திட்டத்தோடு வந்தார். "நம்ம புள்ளய மைக்குல பேச வைக்கலாம். டாக்டர் சொன்னா அதிகாரியும் கேப்பாரு, ஊரும் கேக்கும்."

அவர் வெளியே போனதும் மகளைப் பிடித்துக்கொண்டேன். "நீ மாட்டேன்னு சொல்லிருடி. இல்லாட்டி அங்க அந்த வாத்தியார்ட்ட மொதத் தடவ சொன்னியே, அதையே இங்கயும் சொல்லு. மண்ணு எடுத்த எடத்துக்குத்தான் மொத மரியாதைன்னு. நீ சொன்னா அந்தப் பெரிய மனுசனுக்கு ஒரு நியாயம் கெடைக்கும்."

"பாத்துக்கிறேம்மா" என்றாள்.

பந்தலில் கொடிக்கால் மச்சான் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தரப்பில் வந்தது ஏழெட்டுப் பேர்தான். என் மகள் மைக்கைப் பிடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். அவர் நேர்ந்து மீட்ட பிள்ளையல்லவா? சொல்லுடி, சொல்லுடி என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

சொன்னாள். வைகையில் வெள்ளம் வந்தது. பழைய இடம் அழிந்தது. குலத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் மூத்த மகன். அவர் இருக்கும் இடம்தான் தாய்க்கோயில். எங்கும் தடுக்கவில்லை, ஒரு சொல் மாறவில்லை. அந்த வாத்தியார் சொன்ன அதே வரிசை. கைதட்டலும் விசிலும் பந்தலைத் தூக்கின. அதிகாரி தலையாட்டினார். என் கணவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சான் மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்கள் நின்ற பக்கமாக வந்தார். "புள்ள நல்லாப் பேசுது, தாயி. நல்லா இருக்கட்டும். வாரேன்" என்றார். வளைவைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். கூட வந்தவர்கள் பின்னால் போனார்கள். அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை.

மகள் மாலையோடு என்னிடம் வந்தாள். ரோஜா இதழ் தோளில் ஒட்டியிருந்தது.

"ஒனக்கு வாய் கூசலயாடி?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஒரு நோயாளிக்குப் பதில் சொல்கிற பொறுமையோடு சொன்னாள்: "அங்கதாம்மா கூசுச்சு. இப்ப கூசல."

பிறகு மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "பசிக்குது. எங்க சோறு போடுறாங்க?" என்று கேட்டாள். நான் பந்தலுக்குப் பின்னால் கையைக் காட்டினேன்.